முதல் பக்கத்து வரி

ஒரு காலத்தில், உப்பளத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் ஓர் அறிவியல் புத்தகம் குடியிருந்தது. வழவழத் தாள், வண்ணப் படங்கள், தங்க எழுத்து. மேலதிகாரி வரும் நாளில் மட்டும் அதை எடுத்து மேசையில் வைப்பார்கள். அவருடைய ஜீப் கிளப்பிய புழுதி அடங்குமுன் பூட்டிவிடுவார்கள். ஒரு பிள்ளையாவது தன்னைப் படிக்க வேண்டும் என்று அது ஏங்கியது. வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது?

எதிர் மேசையில் ஒரு தாள்கட்டு கிடந்தது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியவரே விட்டுவிட்ட பாடம். ரெஜினா டீச்சர் அதில் நிறைய அடித்துத் திருத்தியிருந்தார்.

"உடம்பெல்லாம் கீறலாக் கெடக்கே, வெக்கமா இல்லையா?" என்றது புத்தகம்.

"எதுக்கு வெக்கம்? வரும்போது ஏதோ ஏரித் தண்ணி ஆவியாகுறதப் பத்திப் பேசினேன். இங்க பிள்ளைங்க பாக்குறது உப்பளத்தத்தான? டீச்சர் அப்படியே மாத்திட்டாங்க. இப்ப நானும் இந்த ஊர்தான்."

அன்றைக்கே அது நகல்களாகி வகுப்பெங்கும் போனது. பிறகு பக்கத்து ஊருக்கும் போனது. மேசை காலியானது. புத்தகத்துக்கு வம்பிழுக்கக்கூட ஆளில்லை.

ஒரு நாள் பூட்டு திறந்தது. அமல்ராணி என்கிற மாணவி அதைப் புரட்டி, கடலுக்கடியில் இருக்கும் மலைகளின் படத்தில் விரல் வைத்தாள். புத்தகத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"டீச்சர், இந்தப் படத்த எங்க எல்லாத்துக்கும் நகல் எடுத்துக் குடுங்க டீச்சர்!"

டீச்சர் முதல் பக்கத்தைத் திருப்பினார். "எந்தப் பகுதியையும் நகலெடுக்கக் கூடாதுன்னுல்லா போட்டிருக்கு. இருக்கதும் ஒண்ணே ஒண்ணு, கிழிஞ்சா யாரு பதில் சொல்றது? எடுத்த எடத்துல வச்சிரும்மா."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பாவம், இந்தப் புத்தகத்துக்கு அந்த வாயைக்கூட வேறு யாரோதான் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

பூட்டு அப்புறம் திறக்கவில்லை. மழைக்காலத்தில் அட்டை இடுக்கில் ஒரு ராமபாணப் பூச்சி தலைநீட்டியது. தாளைத் தின்னும் அந்தப் பூச்சியைக் கண்டால் எந்தப் புத்தகமும் பதறும். இது பதறவில்லை.

"வாப்பா," என்றது.

"எங்க ஆரம்பிக்கட்டும்?" என்றது பூச்சி.

"முதல் பக்கத்துல, நகலெடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. அத மட்டும் தின்னுட்டுக் கொஞ்சம் நிறுத்து. பிள்ளைங்க யாராச்சும் வருதான்னு பாப்போம்."