ஊசி படாத தேவி

ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் லாப்போவுக்கு நெரி என்றொரு சீடன். தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு, தாடி நரைக்கத் தொடங்கிய வயதில் படம் வரைய வந்தவன். ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்!

பிரபு ஒருவர் தம் மாளிகைச் சுவரில் கிரேக்கக் கதைகளின் கலைத்தேவியர் ஒன்பது பேரையும் வரையச் சொன்னார். கவிஞன் காதில் முதல் சொல்லை ஓதும் தேவி, நெரியின் பங்குக்கு வந்தாள். ஒரு காலையில் அவன் கை தானாக ஓடியது. தாளில் எழுந்தவளைப் பார்க்கப் பட்டறையே கூடிவிட்டது.

தாளில் இருப்பதைச் சுவருக்கு ஏற்ற அவர்களிடம் ஒரு முறை உண்டு. கோடு நெடுக ஊசியால் குத்துவார்கள். தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணிமுடிச்சால் தட்டுவார்கள். துளை வழியே தூள் இறங்கிச் சுவரில் உருவம் விழும். தாள் கந்தலாகிவிடும்.

நெரிக்கு மனம் ஒப்பவில்லை. இந்த முகத்திலா ஊசி? அவசரமாக ஒரு நகல் எடுத்து அதைக் குத்தினான். சுவரில் அந்தத் தேவி மட்டும் பல்வலிக்காரி மாதிரி நின்றாள். பிரபு அந்த இடத்தைச் சுரண்டச் சொல்லிவிட்டார்; அது வெறுமையாகவே கிடந்தது.

அசலைத் தன் அறையில் மாட்டி, விளக்கேற்றி, தேவி மறுபடி தன் கைக்கு வருவாள் என்று நெரி காத்திருந்தான். குளிர்காலம் போய் மறு குளிர்காலமும் வந்தது. தேவியை வரைந்தால் சந்தைக்காரி வந்தாள். சந்தைக்காரியை வரைந்தால் அவளும் வரவில்லை. சோறு இறங்கவில்லை. இந்தக் கை இருந்தென்ன, போயென்ன என்று அழுதான்.

கடைசியில் ஆசானை அறைக்கு அழைத்து வந்தான்.

“ஆசானே, ஒரே ஒருமுறை வந்தாள். பிறகு ஏன் வரவில்லை?”

லாப்போ படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“என்னால் இப்படி வரைய முடியாது” என்றார்.

சொல்லிவிட்டு, மேலங்கியில் செருகியிருந்த ஊசியை எடுத்துத் தேவியின் கண்ணோரத்தில் குத்தினார்.

நெரி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயோ, வேண்டாம்! இவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை” என்றார் ஆசான். ஊசியை அவனிடம் நீட்டினார். “மிச்சத்தை நீ குத்து.”

நெரி ஊசியை வாங்கினான்.

“குத்தினால் என்னிடம் திரும்பி வருவாளா?”

“உன்னிடம் எப்போது வந்தாள், நெரி? சுவருக்குப் போகிறவளை நீ வழியில் நிறுத்தி வைத்திருக்கிறாய்.”