கூரன் அகலமாக்கிய குகைவாசல்

சுண்ணாம்புக் குன்றுக்குள் ஒரு குகை இருந்தது. அதன் வாசலில் கூரன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. உள்ளே, கூரையில் தலைகீழாகத் தொங்கியபடி நிழலி என்ற வௌவாலும் அதன் சுற்றமும் வாழ்ந்தன.

அந்தக் குகைக்குள் கல் வளர்ந்தது! கூரையிலிருந்து சொட்டும் நீர், தன்னோடு கொண்டுவந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். அப்படியே ஆலமரத்து விழுதுகளைப் போல வெள்ளைக் கல்விழுதுகள் இறங்கியிருந்தன. கீழே ஒரு சுனை. அது நிரம்பி, பாறை இடுக்கு வழியே வெளியே கசியும். ஓடை வற்றும் கோடையில் அந்தக் கசிவுதான் காட்டுக்கே குடிநீர்.

உச்சிவெயில் ஒரு பிளவு வழியே உள்ளே இறங்கும்போது கல்விழுதுகள் பளபளக்கும். அதைப் பார்க்க முயல், கீரி, உடும்பு எல்லாம் வரும். வருகிறவர்கள் கூரனுக்கு ஒரு கிழங்கு கொண்டுவருவது வழக்கம்.

"ஒவ்வொருத்தரா வரணும். கல்லைத் தொடக் கூடாது. சத்தம் போடக் கூடாது!" இது நிழலி வைத்த சட்டம். வாசலோ குனிந்து நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அதனால் கூட்டமும் சேரவில்லை.

ஒருநாள் கடமான் வந்தது. தலையை நுழைத்துப் பார்த்தது. கொம்பு மாட்டிக்கொண்டது.

"என்ன கூரா, இவ்வளவு பெரிய அதிசயத்தை எலிவளைக்குள்ள வச்சிருக்கியே! வாசல் மட்டும் பெருசா இருந்தா, ஏழு மலைக்கும் உன் பேர்தான்!"

கூரனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மண்ணைத் தோண்டத் தொடங்கியது. தோண்டுவதில்தான் அது சூரன் ஆயிற்றே!

நிழலி பதறிப் பறந்து வந்தது. "வேண்டாம் கூரா! வாசல் சின்னதா இருக்கிறதாலதான் உள்ளே ஈரம் நிக்குது. வெங்காத்து புகுந்தா சுனை தாங்காது. எங்க குட்டிகளும் தாங்காது!"

"உனக்கு என் பேரு பரவுறது பொறுக்கலை!" என்றது கூரன்.

நிழலி கூரைக்கே திரும்பிப் பறந்தது. தான் சொன்ன அந்தச் சொல்லைத்தான் கூரன் பிற்பாடு நினைத்து நினைத்து நொந்தது.

வாசல் அகலமானது. காடே திரண்டு வந்தது! மான்கள் உப்புக்கரிக்கிறதா என்று கல்லை நக்கிப் பார்த்தன. பன்றிகள் முதுகைத் தேய்த்தன. குரங்குகள் விழுதைப் பிடித்துத் தொங்கின. எத்தனையோ தலைமுறையாக வளர்ந்த விழுது படக்கென்று ஒடிந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கூரனும் சிரித்தது. வாசலில் கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது.

ஒரு மாலை வௌவால்கள் கூட்டமாக வெளியே பறந்தன. தாய்களின் வயிற்றில் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விடிந்தும் அவை திரும்பவில்லை. கூரன் கிழங்கு தின்றுகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

கோடை வந்தது. அகன்ற வாசல் வழியே வெங்காற்று புகுந்து சுனையை உறிஞ்சியது. வெள்ளை விழுதுகள் அழுக்கேறி மஞ்சளித்தன. சொட்டு நின்றது. கசிவும் நின்றது. நாக்கு வறண்ட விலங்குகள் ஒவ்வொன்றாகக் காட்டை விட்டுக் கிளம்பின.

"மேற்கு மலையில இதைவிடப் பெரிய குகை இருக்காம்!" என்று சொல்லிவிட்டுக் கடமானும் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூரன் அப்போதுதான் மண்ணையும் கல்லையும் இழுத்துவந்து வாசலைப் பழைய அளவுக்கு அடைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் அடைத்தது. பாதங்கள் புண்ணாகிற வரை அடைத்தது. அடைத்துவிட்டுச் சுனைக்கரையில் போய்ப் படுத்துக்கொண்டது. வற்றிய சேற்றில் ஒடிந்த விழுதின் துண்டுகள் கிடந்தன. அவற்றை மறுபடி ஒட்டவைக்க யாரால் முடியும்?

மழைக்காலம் வந்தது. எத்தனையோ மழைக்குப் பிறகு, கூரையின் மூலையில் ஒரு துளி திரண்டது. 'சொட்' என்று விழுந்தது.

கூரன் துள்ளி எழுந்தது. "நிழலி! நிழலி! தண்ணி சொட்டுது, பாரு!" என்று கத்தியபடி மேலே பார்த்தது.

கூரையில் யாரும் இல்லை.

ஊருக்குக் காட்டிப் பெருமைப்படத் தெரிந்து, காத்து வைக்கத் தெரியாதவன், பொருளையும் இழப்பான், எடுத்துச் சொல்லித் தடுத்த நண்பனையும் இழப்பான்.