சரியாகிவிட்டது, நன்றி

திசையன்விளையில் ஒரு நூலக மாடியில் கோமதி ஞாயிறுதோறும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்கு வகுப்பு எடுத்தாள். அவளுக்கு முப்பது வயது. மாணவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சவரிமுத்து. தன் வயதில் பாதிகூட ஆகாத அவளை வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் அழைப்பார்.

அன்று வகுப்புக்கு அவர் வரவில்லை. எல்லோரும் போன பிறகு, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"டீச்சர், காப்பாத்துங்க. நேத்து அப்டேட் பண்ணுனேன். அதுல இருந்து வைஃபையே இல்ல."

"அவ்வளவு அவசரமா ஐயா?"

"அயர்லாந்துல பேரனுக்கு ஞானஸ்நானம். நம்ம நேரத்துக்கு அஞ்சு மணி. வீடியோல காட்டுதாங்க. வீட்டுக்காரி காலைலயே பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்கா. அவளுக்குக் கண்ணு மங்கல். செல்போன்ல முகம் பிடிபடாது. இந்தத் திரையில பாத்தாத்தான் உண்டு."

மணி மூன்றரை. கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னெல்லாம் செஞ்சீங்க?"

அவர் செய்யாதது எதுவுமில்லை. இணையத்தில் கண்ட கட்டளைகளையெல்லாம் அடித்துத் தள்ளியிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போனவருக்குக் குரங்குகூடத் தேறவில்லை.

"இதே மாடல், இதே கோளாறு, முன்னாலயே ஒருத்தருக்கு வந்திருக்கு டீச்சர்," என்று செல்போனை நீட்டினார்.

அது ஒரு கேள்வி பதில் தளம். யாரோ உதவி கேட்டிருந்தார். முகம் தெரியாத நாலைந்து பேர் பொறுமையாக யோசனை சொல்லியிருந்தார்கள். கடைசியில் உதவி கேட்டவரே எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி." அதற்குக் கீழே, வருடக்கணக்காக, ஒவ்வொருவராக வந்து "எப்படிச் சரியானது?" என்று கேட்டிருந்தார்கள். பதிலே இல்லை.

"பாவி மனுஷன்! ஒரு வரி எழுதியிருந்தா கை தேஞ்சா போயிரும்?"

கோமதி செல்போனை மேஜையில் வைத்தாள். அவர் மாற்றியதையெல்லாம் முதலில் பழையபடி ஆக்கினாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கமே தள்ளினாள்.

"அதுகிட்டயே ஒவ்வொண்ணா கேளுங்க. வைஃபை கார்டு இருக்கா?"

அடித்துப் பார்த்தார். "இருக்கு."

"கார்டை இயக்குற டிரைவர் புரோகிராம்?"

"அதுவும் இருக்கு."

"அப்ப யாரோ தடுக்காங்க. யாருன்னு கேளுங்க."

ஆர்எஃப்கில் என்று அடித்தார். வயர்லெஸ்ஸை எது அணைத்து வைத்திருக்கிறது என்று சொல்லும் கட்டளை அது. பதிலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்விட்ச் அணைஞ்சிருக்காம்! காலைல இருந்து இதே பாட்டுதான். டார்ச் அடிச்சுத் தேடிட்டேன் டீச்சர். இதுல ஸ்விட்சே கிடையாது."

கோமதி லேப்டாப்பைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தாள். உண்மைதான்.

"அது தன் காதுல விழுந்ததைத்தான் சொல்லுது ஐயா. ஸ்விட்ச் இருக்குன்னு அதுகிட்ட யாரு சொன்னாங்க? மேல் வரியைப் படிங்க."

மேல் வரியில் ஒரு பெயர் இருந்தது. லேப்டாப்பின் பொத்தான்களைக் கவனிக்கும் மாட்யூல் என்ற சின்ன நிரலின் பெயர். வேறு மாடல்களில் ஸ்விட்ச் உண்டு. இதிலும் உண்டென்று அது நம்பிக்கொண்டிருந்தது.

"அதை மட்டும் மெமரில இருந்து இறக்கிப் பாருங்க."

ஒரே கட்டளை. நூலகத்து வைஃபை, எதிர்த்த டீக்கடை, பக்கத்து மெடிக்கல் என்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"வந்துட்டு டீச்சர்! வந்துட்டு!"

அந்த மாட்யூல் திரும்ப ஏறாதபடி ஒரு வரியையும் அவர் கையாலேயே எழுதவைத்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வைஃபை போகாமல் அப்படியே இருந்தது.

சவரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. லேப்டாப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டினார்.

"அவ பேரன் முகத்தைப் பாத்துருவா டீச்சர். ஆண்டவர் உங்கள நல்லா வைக்கட்டும். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியல."

மேஜையிலிருந்து எடுக்க அவர் மறந்துவிட்ட செல்போனை எடுத்துக் கோமதி நீட்டினாள். திரையில் அந்தப் பக்கம் அப்படியே திறந்திருந்தது.

"இவரும் நன்றி சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, ஐயா."

மணி நாலுதான் ஆகியிருந்தது. சவரிமுத்து பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.