சோறு விழாத இலை

“டீச்சர், இந்தக் காலிக் கட்டமெல்லாம் என் உயிரை வாங்குது,” என்றார் சிங்கராயர்.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தலை நரைத்த பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்த சீடர். குருவான ஆபிதாவுக்கு அவருடைய மகள் வயது. நடமாட முடியாமல் தனியாகக் கிடப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையல்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை அவள் பொறுப்பு.

காலையில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்பார்கள். ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஷீட்டில் ஏற்றுவார்கள். பதில் வராதவர்களின் கட்டம் காலியாகவே கிடக்கும். வேண்டும் என்றவர்களைப் பிரித்தெடுக்கத்தான் சிங்கராயர் புரோகிராம் எழுதியிருந்தார். அது காலிக் கட்டத்தைக் கண்டால் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும்.

மனுஷர் சும்மா இருப்பாரா? காலிக் கட்டத்தில் எல்லாம் ‘வேண்டாம்’ என்று நிரப்பிவிட்டார்.

“அப்படி யார் சார் சொன்னாங்க?” என்று கேட்டாள் ஆபிதா.

யாரும் சொல்லவில்லைதான். நிரப்பியதை அழித்தார்.

மறுநாள், காலிக் கட்டம் உள்ள வரிகளையே தூக்கிவிடும்படி எழுதினார். புரோகிராம் தடங்கல் இல்லாமல் ஓடியது. வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்றவர்கள் இன்னொரு பக்கம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சாப்பாட்டு வண்டியும் கிளம்பிப் போய்விட்டது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

“இப்ப ஷீட் சுத்தமா இருக்கு, டீச்சர்.”

ஆபிதா ஷீட்டை மேலும் கீழும் பார்த்தாள். சாப்பிடலாம் வாங்க என்று கூட்டிப்போனாள். போகிற வழியில், பரிமாறுகிற முருகாயியின் காதில் மட்டும் ஏதோ சொன்னாள்.

வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். சிங்கராயர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சோறு வந்தது. அவரைத் தாண்டிப் போனது.

பந்தியில் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவர் வளர்ந்த வீட்டில் கிடையாது. மறந்திருப்பாள், திரும்பி வருவாள் என்று பேசாமல் இருந்தார்.

சாம்பார் போனது. ரசம் போனது. பக்கத்தில் இருந்தவர் மோர்ச் சோற்றையும் முடித்து, இலையை மூடிவிட்டு எழுந்தார். சிங்கராயருக்கு வயிறு காந்தியது. நம்மை ஒரு ஆளாகக்கூட மதிக்கவில்லையே என்று மனசும் காந்தியது. பாவம், கண் கலங்கிவிட்டது.

எதிரே ஆபிதாவும் சோற்றில் கை வைக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் சார் சாப்பிடலை?”

“எனக்கு யாரும் போடலையே.”

“வேணும்னு நீங்க சொல்லலையே.”

“அதைச் சொல்லணுமாம்மா? இலையைப் போட்டு உக்காந்திருக்கேனே…”

பாதியில் நிறுத்தினார்.

முருகாயி ஓடி வந்து சோற்றை அள்ளினாள். அவர் இலையின் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். காலையில் தூக்கின வரியெல்லாம் யார் யார் என்று ஆபிதாவைக் கேட்டார்.

அவள் மூலையைக் காட்டினாள். அங்கே அவர்களுக்கான சாப்பாட்டுக் கேரியர்கள் கட்டி, பெயர் ஒட்டித் தயாராக இருந்தன.

“சாப்பிட்டுட்டுப் போங்க சார்.”

அவர் காதில் விழவில்லை. முதலில் கைக்கு வந்த கேரியரை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பவுல்துரை என்று எழுதியிருந்தது. வீடு அடுத்த தெருவில்தான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன ஒருவர் கட்டிலில் கிடந்தார். போன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

சிங்கராயர் கேரியரைக் கீழே வைத்தார். போனை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

“அடிச்சுதுங்க,” என்றார் பவுல்துரை. “எட்டலை.”