பாய்மரத்தடிச் சோறு

தூத்துக்குடியில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுத்தரும் ரொசாலியாவிடம் பல் டாக்டர் குணபாலன் ஒரு கேள்வியோடு வந்தார்.

ரொசாலியா அவரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் டாக்டர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கரையில் டாக்டரின் அதட்டலுக்கு ஊரே வாய் திறக்கும். படகில் ஏறிவிட்டாலோ, அவர் வாய் திறப்பது சந்தேகம் கேட்க மட்டும்தான்.

"டீச்சர், பெரிய பாயைச் சுருக்குறதுக்கு எந்த ஏற்பாடு நல்லது?"

காற்று ஏறினால் பாயைக் கொஞ்சம் இறக்கி, இறக்கிய துணியை இழுத்துக் கட்டிவிட வேண்டும். முழுப்பாயையும் விரித்து வைத்திருந்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். டாக்டரின் படகில் அதற்குப் பழைய கொக்கிதான் இருந்தது. பின்னால் சுக்கான் அருகே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து, பாய்மரத்தடி வரை போய், பாயின் வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு வர வேண்டும்.

"உங்களுக்கு எது நல்லதுன்னு படுது?" என்றார் ரொசாலியா.

"பாய் அப்படியே மரத்துக்குள்ள சுருண்டுக்கிடுற மாதிரி ஒண்ணு இருக்காம். அதுக்கு மரத்தையே மாத்தணும். அது வேண்டாம். கயிறு எல்லாத்தையும் கப்பி வழியா சுக்கான்கிட்ட கொண்டாந்துட்டா, உக்காந்த இடத்துலேயே இழுத்துக்கிடலாம். யாரும் முன்னால போவ வேண்டாம்."

"இதுக்கு முன்னால யாரு போனா?"

"செண்பகம்."

போன ஆடியில் நடந்தது அது. மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று ஏறியது. டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுக்கானைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி செண்பகம்தான் தவழ்ந்து போய்ப் பாயைச் சுருக்கினார். திரும்பி வரும்போது வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு உடைந்தது.

கட்டுப் பிரித்த அன்று செண்பகம் சத்தம் போடாமல் சொன்னார்: "இனிமே நான் அங்க போவ மாட்டேன். நீங்க போவீங்கன்னா கூட வாரேன். இல்லன்னா நான் கரையிலேயே இருந்துக்கிடுதேன்."

கன்னியாகுமரியைச் சுற்றிக் கொல்லம் வரை இரண்டு பேரும் படகில் போவது என்பது கல்யாணமான புதிதிலிருந்து பேசிவந்த பேச்சு. அது அத்தோடு நின்றுபோனது. டாக்டருக்கு அந்த வலி பல்வலியைவிட மோசமாக இருந்தது.

"அதனாலதான் டீச்சர், யாருமே போவ வேண்டாத மாதிரி ஒரு ஏற்பாடு கேக்குதேன்."

"சரி. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிட்டு வாங்க."

"கப்பிக்கு அளவெடுக்க வேண்டாமா?"

"சாப்பாடு போதும்."

மறுநாள் நங்கூரம் போட்டு நின்ற படகில் ரொசாலியா முன்னால் போய்ப் பாய்மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இங்கன வாங்க" என்றார்.

டாக்டர் தவழ்ந்து போனார். ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். தயிர்சாதம் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போனது. ரொசாலியா சீலாமீன் குழம்பை ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார்.

"எந்த ஏற்பாடுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே டீச்சர்?"

"ஊறுகாய் இருக்கா?"

தினமும் அங்கேதான் சாப்பாடு. சில நாள் கழித்து நங்கூரத்தை எடுத்துவிட்டு, சுக்கானைக் கட்டிவைத்து, படகு மெல்லப் போகப் போகச் சாப்பிட்டார்கள். டாக்டர் மரத்தை விட்டார். அப்புறம் நடந்தே முன்னால் போனார். ஒரு நாள் ரசம்கூடக் கொண்டுவந்தார்.

அன்றைக்குப் பார்த்துத்தான் காற்று ஏறியது.

ரொசாலியா எழுந்து பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்தார்.

"பாயைச் சுருக்குங்க டாக்டர்."

"நானா?"

"நீங்கதான அங்கன இருக்கீங்க."

படகு சாய்ந்தது. ரசம் கடலுக்குப் போனது. டாக்டர் எச்சில் கையோடு எழுந்தார். கயிற்றைத் தளர்த்தினார், பாயை இறக்கினார், வளையத்தைத் தேடிப் பிடித்துக் கொக்கியில் மாட்டினார். மிச்சக் கயிற்றையும் இழுத்துக் கட்டினார். படகு நிமிர்ந்தது. வெள்ளைப் பாயில் மஞ்சளாக ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

டாக்டருக்கு அழுகை வந்தது. கண்ணில் உப்புத்தண்ணி பட்டுவிட்டது என்று அவராகவே சொல்லிக்கொண்டார். ரொசாலியா கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை காற்று ஏறியது. ஒவ்வொரு முறையும் டாக்டர்தான் போனார். கடைசியில் ஒரு நாள் காலையில், நடையே மாறி, கரையில் நின்ற ரொசாலியாவிடம் வந்தார்.

"டீச்சர், முடிவு பண்ணிட்டேன். கப்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கொக்கியே போதும். செண்பகத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். கூட வாரேன்னுட்டா."

"நல்லது" என்றார் ரொசாலியா. படகில் ஏறி, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "இந்த நுனிய மரத்தடியில பிடிங்க."

டாக்டர் பிடித்தார். ரொசாலியா நாடாவைச் சுக்கான் வரை இழுத்துக்கொண்டு போனார். வழியில் கப்பி உட்கார வேண்டிய இடங்களில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.

"என்ன டீச்சர் இது?"

"கப்பி ஏற்பாடு. நீங்க கேட்டதுதான். உங்க படகுக்கு அதான் நல்லது. உக்காந்த இடத்துல இருந்தே இழுத்துக்கிடலாம்."

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அப்போ அன்னைக்கே மாட்டியிருக்கலாமே? இத்தனை நாளா என்னைய இங்க உக்கார வச்சு, வெயில்ல காயவிட்டு..."

ரொசாலியா கடைசிக் கோட்டையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கே மாட்டியிருந்தா, நடுக்கடல்ல கயிறு கப்பியில சிக்கிக்கிடுற அன்னைக்கு முன்னால யாரு போயிருப்பா டாக்டர்?"