நீர்நாயின் கை ஓய்ந்த கதை

"ஓடைக்காரனைக் கேட்காமல்..." என்று தொடங்கி சடையனின் தகப்பன் ஒரு பேச்சு சொல்லிக்கொண்டே இருப்பான். கேட்காமல் என்ன செய்யக்கூடாது என்பது சடையனுக்கு நினைவில் தங்கவில்லை. அதைச் சொல்லும்போது தகப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பது மட்டும்தான் கண்ணில் நின்றது.

அது மிருகம் பேசினால் மனிதன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலம். அப்போது நீர்நாய்க்குக் கட்டுவதுதான் தொழில். மலையடிவாரத்து ஓடையின் குறுக்கே கிளையையும் கல்லையும் போட்டுச் சேற்றால் பூசி அணை எழுப்பும். தேங்கின தண்ணீருக்கு நடுவில் மேடு கட்டி, அதற்குள் குடும்பம் நடத்தும். வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கும். கரையில் எத்தனை நரி சுற்றினாலும் வாசல் தெரியாது.

அந்தத் தேக்கத்தின் கரையில்தான் சடையன் காட்டைத் திருத்தி வயலாக்கியிருந்தான். தேக்கத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினான். அவனும் நீர்நாயும் ஒருவரை ஒருவர் பங்காளி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே தண்ணீரில் பங்கு உள்ளவர்கள் வேறு எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது? சுற்றுவட்டாரத்து ஓடைகள் வற்றிக் கிடந்த கோடையிலும் சடையனின் வாய்க்கால் ஓடியது. அதை அவன் தன் நிலத்தின் ராசி என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மழைக்காலத்தில் நீர்நாயின் பெண்டாட்டி குட்டி போட்டது. நீர்நாய் அணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது. தண்ணீர் வரப்பைத் தாண்டி வயலுக்குள் ஏறி நின்றது. நட்ட நாற்று அப்படியே அழுகிப்போயிற்று. இனி நெல்லுக் குதிரின் அடியில் கிடக்கும் விதைநெல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் அழுகினால் தை மாதம் உலையில் போட ஒன்றும் இருக்காது. வீட்டில் பெண்டாட்டி வேலாத்தாளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

சடையன் அணைக்குப் போய் நியாயம் கேட்டான். நீர்நாய் வாயிலிருந்த கிளையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. குட்டிகளுக்கு இன்னும் நீந்த வரவில்லை என்றது. தண்ணீர் இறங்கினால் வாசல் வெளியே தெரிந்துவிடும், மழை விடுகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றது. அதுவரைக்கும் பொறுத்தால் விதைக்கிற பருவம் போய்விடுமே என்றான் சடையன். நீர்நாய் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு, யாரிடமும் சொல்லியிராத ஒன்றை அவனிடம் சொன்னது.

"பங்காளி, தண்ணி சலசலன்னு ஓடுற சத்தம் காதுல விழுந்தா எங்க கை நிக்காது. எங்கே இருந்தாலும் ஓடிவந்து அடைச்சிடுவோம். பசி தெரியாது, பயம் தெரியாது. அது எங்க பிறவி. சத்தமில்லாம வடிக்கிறதா இருந்தா, வாசல் வெளியே தெரியாத அளவுக்கு வடிச்சுட்டுப் போ. எனக்குத் தெரியப்போறதில்லை."

வீட்டுக்கு வந்து சடையன் இதைச் சொன்னதும் வேலாத்தாளுக்கு வழி பிடிபட்டுவிட்டது.

"ஏனுங்க, மூங்கிலைத் தொளைச்சு அணைக்கு அடியில சொருகிட்டா சத்தமே வராதுங்களே. மிச்சத் தண்ணி அதும்பாட்டுக்கு வடிஞ்சு போயிரும்."

"மூங்கில் காட்டுக்குப் போய் வெட்டி, கணுவெல்லாம் தொளைச்சு, தூக்கிட்டு வர்றதுக்குள்ள பருவமே போயிரும்" என்றான் சடையன். "நம்ம நெலத்துத் தண்ணியை, ஒரு மிருகத்துக்குத் தெரியாம திருடன் மாதிரி வடிக்கணுமா?"

மறுநாள் மண்வெட்டியோடு போய் அணையில் வாய் வெட்டினான். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. விடிந்து பார்த்தால் அந்த இடம் பூசி மெழுகியிருந்தது. மறுபடி வெட்டினான். மறுபடி அடைந்திருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் நீர்நாய் அணைமேல் உட்கார்ந்து ஈரத்தை உதறிக்கொண்டு சிரித்தது.

"நீ வெட்ட, நான் கட்ட, ரெண்டு பேருமே நல்லா உழைக்கிறோம் பங்காளி. வயல்ல இப்படி உழைச்சிருந்தா நீ பெரிய பண்ணையக்காரன் ஆகியிருப்பே."

சடையனுக்குச் சிரிப்பு வரவில்லை. வயலில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. வீடு திரும்பும் வழியெல்லாம், நீர்நாய் நம்பிச் சொன்ன அந்தச் சொல் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டே வந்தது. சலசலன்னு சத்தம் விழுந்தா எங்க கை நிக்காது.

அன்று வெயில் சாய்ந்ததும் காட்டுக்கொடியைத் திரித்து ஒரு கண்ணி செய்தான். அணையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வாய் வெட்டி, தண்ணீர் விழுகிற இடத்தில் தட்டைக் கல் ஒன்றைப் போட்டான். தண்ணீர் அந்தக் கல்லில் விழுந்து ஓடை முழுக்கக் கேட்டது. வெட்டின வாயின் முன்னால் கண்ணியை விரித்துவிட்டுப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

அதிக நேரம் ஆகவில்லை. நீர்நாய் வாயில் சேறும் தழையுமாக நேராக அந்தச் சத்தத்துக்கே வந்தது. பக்கத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை. கொடி கழுத்தில் இறுகியது. சடையன் மண்வெட்டியோடு எழுந்து வந்தபோது, அது தப்பிக்கக் கொடியை இழுக்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி நீட்டி வெட்டின வாயைத்தான் எட்டப் பார்த்தது.

"பங்காளி" என்றது. "அதை அடைச்சிட்டு அப்புறம் என்னை அடி. தண்ணி இறங்குது."

சடையன் அதை அடைக்கவில்லை.

அடைக்க ஆளில்லாத வாய் தானாகவே அகன்றது. விடியும்போது அணை இருந்த இடத்தில் கிளைகள் மட்டும் கிடந்தன. நடு ஓடையில் நீர்நாயின் வீடு சேற்றோடு வெளியே நின்றது. வாசல் கரைக்கு நேராகத் திறந்திருந்தது. வாசலிலிருந்து கரை வரைக்கும் நரியின் காலடிகள் இருந்தன. தாய் ஒரே ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரோடு பெரிய ஆற்றுக்குப் போய்விட்டது என்று கரையிலிருந்த மீன்கொத்தி சொல்லிற்று. மற்றக் குட்டிகளைப் பற்றி அது சொல்லவில்லை, சடையனும் கேட்கவில்லை.

வயல் வடிந்துவிட்டது. அவன் மனம் விட்டுச் சிரித்தான். குதிரின் அடியில் கிடந்த விதைநெல்லை வழித்தெடுத்து நாற்று விட்டு நட்டான். பயிர் பச்சை பிடித்தது. அந்தச் சமயத்தில் மழை விட்டது. மழை விட்டதும் ஓடை ஓடி ஓய்ந்தது. நிறுத்திவைக்க ஒன்றுமில்லாததால் தண்ணீர் வந்த வேகத்திலேயே போய்விட்டது. வாய்க்கால் காய்ந்தது. பால் பிடிக்க வேண்டிய கதிர் பதராக நின்றது.

சடையன் தானே அணை கட்டிப் பார்த்தான். நீர்நாய் வைத்த மாதிரியே கல் வைத்தான், கிளை வைத்தான், சேறு பூசினான். மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கசிந்து போயிற்று. தை மாதம் அடுப்பில் காட்டுக்கிழங்கு வெந்தது. சின்னப் பிள்ளை அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு வேலாத்தாள் மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவன் எழுந்து பெரிய ஆற்றுக்கு நடந்தான்.

தாய் நீர்நாய் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. வளர்ந்துவிட்ட குட்டி தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. சடையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மணி, ஓடைக்குத் திரும்பி வாங்க. வயல்ல பாதியை உங்களுக்கே விட்டுர்றேன். எம்புட்டு உயரம் வேணுமோ கட்டிக்கங்க."

"உன் வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டது அது.

அவன் கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதற்குப் புரிந்துவிட்டது. தண்ணீரில் விளையாடும் குட்டியைக் காட்டிச் சொன்னது.

"எங்க கையில அந்த வேலை இருக்கிற வரைக்கும் எங்களை எப்படிக் கூப்பிட்டுக் கொல்றதுன்னு உனக்குத் தெரியும். வேலையே இல்லைன்னா எதை வெச்சுக் கூப்பிடுவே? இவனுக்கு நான் கட்டச் சொல்லித் தரலை. தண்ணி சலசலத்தா அதுல குதிச்சு விளையாடுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"அப்ப ஓடைத் தண்ணியை இனி ஆருங்க நிறுத்துறது?"

"காது உனக்கும்தானே இருக்கு" என்றது தாய். பிறகு ஆற்றில் இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில், "ஓடைக்காரனைக் கேட்காமல்..." என்று தகப்பன் சொன்னதன் மீதியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை.

அடுத்த மழைக்கு ஓடையில் தண்ணீர் வந்தது. கடன் கேட்டு வாங்கிய விதையை விதைத்து, ஓடைக்குக் குறுக்கே மண்ணால் கரை போட்டு, வாய்க்காலுக்கு மடை வைத்தான். அன்று சாயங்காலம் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இனி வீட்டுக்குள் படுக்கப்போவதில்லை என்று வேலாத்தாளிடம் சொன்னான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனான்.

அன்று முதல்தான் நீர்நாய் எதையும் கட்டுவதில்லை. யாரோ தோண்டிய பொந்திலும் பாறை இடுக்கிலும் குடியிருந்து, தண்ணீர் இரைகிற இடத்தில் விளையாடித் திரிகிறது. அன்று முதல்தான் பயிர் வைத்தவன், எங்கோ உடைப்பெடுத்துத் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மடைக்கருகில் விழித்துக் கிடக்கிறான்.