பக்கத்துக்குப் பக்கம் முத்திரை

எங்கள் ஊர் வரி அலுவலகத்தில் தாண்டவமூர்த்தி என்று ஓர் அதிகாரி இருந்தார். என் மாவு மில்லுக்கு ஒரே நாளில் ஒன்பது நோட்டீஸ் அனுப்பியவர், அதனால் பெயரை மறக்க மாட்டேன். ஒன்பதிலும் 'மிக அவசரம்' என்று எழுதியிருந்தது. மறுநாள் மாலை ஐந்துக்குள் பதில் தராவிட்டால் மில்லின் பதிவு ரத்தாகிவிடும்.

ஒற்றை அறையில் அலுவலகம் வைத்து என் மில் கணக்கைப் பார்க்கும் ஜெபராணிதான் எனக்காகக் காலையிலேயே அவரிடம் போனார்.

"எதை சார் முதல்ல தரட்டும்?"

"எல்லாமே முதல்தான். பத்து வருஷக் காகிதமும் வரணும். பக்கத்துக்குப் பக்கம் நான் முத்திரை குத்தினாத்தான் செல்லும்."

மூன்று மணிக்கு என் மில்லின் மாவுச் சாக்குகளில் காகிதம் வந்து இறங்கியது. பறக்கக் கூடாதென்று ஜெபராணி மின்விசிறியை நிறுத்தினார்.

"ஆறாயிரம் பக்கம் சார். குத்துங்க, நான் புரட்டுறேன்."

ஒவ்வொரு குத்துக்கும் மாவு கிளம்பியது. நூறாவது பக்கத்தில் அதிகாரி வியர்வையும் மாவுமாகக் கொழுக்கட்டை போல இருந்தார். ஐந்தரைக்கு அவருக்கு மாமியார் ஊர் பஸ்.

"ஏம்மா, இதுல நிஜமா வேண்டியது எது?"

"நோட்டீஸ் போட்டது நீங்கதானே சார்."

அவர் அப்போதுதான் நோட்டீஸ்களைப் படித்தார். எட்டில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிச்சமிருந்த ஒன்று மில்லின் முகவரிச் சான்று கேட்டது.

ஜெபராணி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"காலையிலேயே கொண்டுவந்தேன் சார். அதான் எது முதல்லன்னு கேட்டேன்."

முத்திரை விழுந்தது, மில் பிழைத்தது. வெள்ளையாகப் போய் இறங்கியவரை மாமியார் வீட்டு நாய் உள்ளே விடவில்லையாம். நல்ல நாய்.